அவர் பெட்டியில் இருந்த மல்லி

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய துளை அட்டை ஒன்று கிடக்கிறது. மேல் விளிம்பில் ஆங்கில எழுத்தில் மல்லி என்று அச்சாகியிருக்கும். அடித்தவள் நான்தான். எழுபதுகளில், அடையாறு பக்கம் ஒரு கல்வி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறையில் கார்டுகளில் துளையிடும் வேலை எனக்கு. நொச்சிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். ஏசி குளிருக்கென்று வாங்கிய ஸ்வெட்டரை எங்கள் தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

அங்கே புரோகிராம் எழுதிய அக்கா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தி.நகர் வந்து ஜவுளிக்கடை வைத்த குடும்பத்துப் பெண். அவளுக்குத் தற்காலிக வேலைதான். நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் பதிந்த டேப்பை யாரும் களவாடிப் படிக்காதபடி பூட்ட அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ரகசிய வார்த்தையையே சாவியாக வைத்தால் யாராவது ஊகித்துத் திறந்துவிடுவார்கள். அதனால் வார்த்தையோடு அந்த டேப்பின் எண்ணையும் சேர்த்து, இயந்திரத்துக்குள் ஆயிரக்கணக்கான முறை அரைத்து, கடைசியில் வரும் நீண்ட எண்ணைத்தான் சாவியாக்குவாள். “நமக்கு ஒரு தடவ அரைச்சாப் போதும். திருடன் ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல்லேருந்து அரைக்கணும்லா?” என்பாள். டேப்புக்கு டேப் எண் வேறு என்பதால், முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் மயிலாப்பூர்க்காரர். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “ஒரு கார்த்தால மிஷினை எங்கிட்ட விடு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள திறந்து காட்டறேன்” என்றார். திறந்துவிட்டால் அக்காவின் புரோகிராம் குப்பைக்கு, வேலையும் அத்தோடு சரி. வேலை போனால் கல்யாணம்தான் என்று அவள் வீட்டில் மாப்பிள்ளை ஜாதகங்கள் தயாராக இருந்தன.

சார் ஊகித்த வார்த்தைகளை ஒரு பெட்டி கார்டாக அடித்துக் கொடுத்ததும் நானே. சாமி பேர்கள், நதிகள், பூக்கள். பூக்களில் கடைசிக்கு முன்னால் மல்லி! அக்காவின் ரகசிய வார்த்தையே அதுதான். அதையும் நான்தானே அடித்திருந்தேன். மெதுவாக, “சார், பூவெல்லாம் முதல்ல போட்டுடவா?” என்று, வரிசையை மாற்றுவாரா என ஆழம் பார்த்தேன். “சாமியைப் புஷ்பத்துக்குக் கீழ வெக்கப்படாதும்மா” என்றார். அந்தப் பக்தி வாழ்க என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, அவரு பொட்டியில நம்ம வார்த்த கீதுக்கா! உருவிடவா?”

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஏட்டி, தொடாத. நீ உருவினா ஜெயிச்சது நீ, என் புரோகிராம் இல்ல.”

மறுநாள் காலை பெட்டி உள்ளே போனது. இயந்திரம் ஒரு கார்டை விழுங்கும், சில நிமிடம் அரைக்கும், பிரிண்டர் படபடவென்று ‘இல்லை’ என்று அடிக்கும். பிள்ளையார் இல்லை. முருகன் இல்லை. டீ வந்தபோது சார் இன்னும் அம்மன்களிடம்தான் இருந்தார். காவிரி போயிற்று, வைகை போயிற்று. பூக்கள் தொடங்கியதும் நான் ஸ்வெட்டர் நுனியைக் கடிக்க ஆரம்பித்தேன். தாமரை அரைபட்டுக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டு மணி அடித்தது.

“இன்னும் அஞ்சே நிமிஷம்ப்பா” என்று சார் கெஞ்சினார். ஆபரேட்டர் அசையவில்லை. “அடுத்த டைம் கெமிஸ்ட்ரி ஆளுங்களுது, வெயிட் பண்ணிக்கினு கீறாங்க சார்.” நான் அந்த ஆபரேட்டரைக் கட்டிக்கொள்ளாத குறை!

அக்கா, படிக்கப்படாமல் மிஞ்சிய கார்டுகளிலிருந்து மல்லியை உருவி சாரிடம் நீட்டினாள். அதை வாங்கிப் படித்தவர், “அசட்டு வார்த்தை. ஆனாலும் தாங்கிடுத்தே!” என்று வாய்விட்டுச் சிரித்து, கார்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அந்த மாதமே அக்காவின் வேலை நிரந்தரமானது.

இன்று மடிக்கணினியில் ரகசியச் சொல்லை அடித்ததும் அதுவும் அக்காவின் புரோகிராம் போல உள்ளே அரைத்து ஒரு நொடி யோசிக்கிறது. பேத்தி சலித்துக்கொள்கிறாள். எனக்கோ அந்த ஒரு நொடியில் அத்தனை சாமிகளும் வரிசையாக வந்துபோவார்கள். அக்கா முப்பது வருடத்துக்கும் மேல் அந்த அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். இழுப்பறையிலிருக்கும் இந்த மல்லியை மட்டும் இன்றுவரை எந்த இயந்திரமும் படித்ததில்லை.