தோலுறைக்குள் புகுந்த துரு

ஆம்பூர் சம்பத் உலகில் ஒரே ஒரு விஷயத்தோடு மட்டும் சமரசம் செய்துகொள்ளாதவர்: துரு. ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனை முப்பத்தோரு வருடம் கட்டி ஆண்டு ஓய்வுபெற்ற பின், பழைய கைக்கருவிகளைச் சேர்ப்பதே அவருக்குத் திருப்பணி. உளி, இழைப்புளி, ஸ்பேனர் என்று சேர்ந்ததை ‘அறுபத்து மூவர்’ என்றே மரியாதையாகக் குறிப்பிடுவார்.

அதில் அறுபத்திரண்டு சொந்தம், ஒன்று இரவல். எதிர்வீட்டு ஷஹீன் பானு வெளியூர் போகும்போது கொடுத்துவைத்த தோல் சீவும் கத்தி. காலமான அவள் அப்பா மக்பூல் அகமது, பெயரின் முதலெழுத்துகளை அதில் ஆங்கிலத்தில் தானே கொத்தியிருந்தார்: எம்.ஏ. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் வாங்கிய ஒரே பட்டம்.

“அப்பா கையால எழுதுனது வேற எதுவுமே இல்லண்ணே. பத்திரம்.”

“எங்கிட்ட வந்த இரும்பு துருப்பிடிச்சதா சரித்திரமே இல்லம்மா.”

சரித்திரம் உடனே எழுதப்பட்டது. ஆம்பூர்க்காரர் அல்லவா, கத்திக்கு அருமையாக ஒரு தோலுறை தைத்துப் பீரோவில் வைத்தார். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் ஒளிந்திருக்கும், மழைக்கால ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும் என்பது, வாழ்நாளெல்லாம் தோலோடு புழங்கியவருக்குத் தெரியவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஷஹீன் பானு போன் செய்தாள். ஞாயிறன்று கத்தியை வாங்க வருகிறாளாம். உறையை உருவினார். துரு அப்பியதில் எழுத்து இருந்த இடமே தெரியவில்லை.

உப்புத்தாளை எடுத்த கை நின்றது. தேய்த்தால் பத்து நிமிடத்தில் துரு போகும், கூடவே எழுத்தும் போகும். வினிகரில் ஊறப்போட்டு, மணிக்கொரு முறை பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தார்.

“என் குண்டான்ல இன்னா ஊறுது?” என்றாள் மனைவி தனபாக்கியம்.

“துரு.”

“ஊறட்டும். உங்க பெருமையையும் அதுலயே போடுங்க.”

எம் முழுசாக வந்தது. ஏ ஒற்றைக் காலோடு வந்தது. சோடா மாவுத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி, குடியாத்தம் லுங்கித் துண்டில் சுற்றினார்.

ஞாயிறன்று அவளிடம் நீட்டி, “தோலுறை போட்டேம்மா. அதுதான் தின்னுடுச்சு” என்றார்.

“இன்னாண்ணே நீங்க! அப்பா கத்தியால தோலை வெட்டுவாரே தவிர, தோல்ல கத்திய சுத்துனதே இல்லயே.” கட்டைவிரலால் எழுத்தைத் தடவினாள். “இந்தக் கால் மொதல்லயே இல்லண்ணே. கொத்தறப்பவே வழுக்கிடுச்சுன்னு அப்பா சொல்வார்.”

சம்பத்தின் செல்போனில் போன வருடம் கத்தி கைக்கு வந்த அன்று எடுத்த படம் இருந்தது. அதில் ஏ இரண்டு காலிலும் திடமாக நின்றது. அவர் போனை எடுக்கவில்லை.

“அப்படியா, அப்போ சரி” என்றவர், அவள் கத்தியைப் பைக்குள் வைக்கும்வரை தலை நிமிரவில்லை.