நாடு எழுதாத பொட்டலம்

சேலம் பேருந்தில் என் அருகே உட்கார்ந்தவர் ரிக் வண்டியோடு நாடு நாடாகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். புருவத்தில் கல் தெறித்த தழும்பு. போட்ட ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு பிடி மண்ணைப் பொட்டலம் கட்டி, ஊரும் நாடும் எழுதி வைப்பது அவர் பழக்கம். பையைத் திறந்து காட்டினார். இரண்டு முறை எண்ணினேன், பதினேழு. பதினாறில் நாடு இருந்தது. ஒன்றில் 'அபியே' என்று மட்டும்.

முப்பத்தொரு வருடம் பூகோளம் நடத்தியவன் நான். சூடானும் தென்சூடானும் உரிமை கொண்டாடும் மண், இதோ, கைக்கெட்டும் தூரத்தில்.

"நாட்டை ஏன் எழுதவில்லை?"

"எதைங்க எழுதறது? ரெண்டு சர்க்காரும் எங்குளுதுங்கறாங்க. ஓட்டெடுப்பு வெச்சு முடிவு பண்றோம்னாங்க, அதும் ஒழுங்கா நடக்கலீங்க."

"அங்கே இருப்பவர்களைக் கேட்டீர்களா?"

"கேக்காமீங்களா? அங்கயே இருக்கறவங்க தெக்கங்கறாங்க. மாடு ஓட்டிட்டு வாரவங்க வடக்கங்கறாங்க. இப்ப நான் போட்ட கெணத்துப் பம்பு நின்னு போச்சாமா. நானே வந்து பாக்கோணும்னு போன் மேல போனுங்க."

"எந்த நாட்டு விசாவில் போவீர்கள்?"

"ரெண்டுக்குந்தான் எழுதிப் போட்டிருக்குதுங்க. எது மொதல்ல வருதோ அந்தப் பக்கமா போயிருவேன். மாடு தண்ணிக்கு நிக்குதுங்களே."

பழைய பஸ் ஸ்டாண்டில் "வாரேனுங்க" என்று இறங்கிவிட்டார். பொட்டலங்களை இரண்டு முறை எண்ணிய நான் அவர் போன் நம்பரைக் கேட்கவில்லை.

தினமும் அட்லஸைத் திறந்து அபியேவுக்கு வடக்கே ஒரு விரலும் தெற்கே ஒரு விரலும் வைத்துப் பார்க்கிறேன். எந்தப் பக்கமாகப் போய்ச் சேர்ந்தாரோ.