ஈரல் கறியில் சேராது

என் புருஷன் அதெமார் மூன்று மாதம் கறி தின்னவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். டாக்டர் முன்னாலும் செய்தேன், அதுதான் வினையாகப் போயிற்று.

தக்வரெம்போவிலிருந்து ரிவேரா வரை பேருந்து ஓட்டுகிறவர் அவர். பத்தொன்பது வருடமாக ஒரே தடம். உரிமம் புதுப்பிக்க ரத்தம் கொடுத்தபோது சர்க்கரை எகிறியிருந்தது, கூடவே இரும்பும். உடம்பில் இரும்பு தேங்கினால் சர்க்கரை அடங்காமல் போகலாம் என்றார் டாக்டரம்மா பெரெய்ரா.

"மாட்டுக்கறியை நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். குறையலேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

அன்றைக்கே எனக்கும் ஒரு சீட்டு. எனக்கு இரும்பு பத்தவில்லையாம், ஈரல் சாப்பிட வேண்டுமாம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவருக்கு வழிகிறது, எனக்கு வற்றுகிறது. இதென்ன கூத்து என்று எனக்கு விளங்கவே இல்லை.

மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை விறகு மூட்டி ஊருக்கெல்லாம் விலா எலும்பு சுட்டுப் போட்டார், ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. என் தம்பி ஹோர்ஹே சும்மா இருப்பானா?

"என்ன மச்சான், மாடு தின்கிறதையெல்லாம் நீங்க தின்ன ஆரம்பிச்சுட்டீங்களாம்?"

"சிரிடா சிரி. பேருந்தை நீயா ஓட்டப் போறே?"

கறி வேகும்வரை எல்லோரும் கொறிக்கிற குடல், சிறுநீரகம், குடலுக்குள் ரத்தம் அடைத்துச் செய்கிற மொர்சிஷா, இவற்றை மட்டும் தின்றார். அதை எங்கள் ஊரில் யார் கறி என்று சொல்வார்கள்? பிறகு என் ஈரல். வாரத்துக்கு மூன்று நாள் வெங்காயம் போட்டு வதக்குவேன். பாதிக்கு மேல் அவர் தட்டுக்குப் போகும். ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்தது.

"யோவ், இது இரும்பு ஏறுறதுக்குன்னு எனக்குக் கொடுத்ததுய்யா."

"உனக்குக் கம்மி, அதனால ஏத்துது. எனக்கு ஜாஸ்தி, இறக்கிவிடும். ஈரல் ரத்தத்தை நேர் பண்ணும் நெல்பா."

அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்குத்தான் ஈரல் என்றாலே குமட்டுமே.

மூன்று மாதம் கழித்துப் போனோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பவும் காகிதத்தைப் பார்த்தார்.

"கறியை நிறுத்தவே இல்லையா?"

"ஒரு துண்டு தொடலை டாக்டரம்மா."

"சத்தியமா தொடலை" என்றேன் நானும்.

"அப்ப என்னதான் சாப்பிட்டீங்க?"

அவர் ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். ஈரல் என்றதும் டாக்டர் பேனாவை மூடினார். மாட்டு உடம்பில் இரும்பு குவிந்து கிடக்கிற இடங்களைப் பார்த்துப் பார்த்துத் தின்றிருக்கிறாராம். கறியையே தின்றிருந்தால்கூட இவ்வளவு ஏறியிருக்காதாம். என் காகிதத்தில் இரும்பு இன்னும் கீழே போயிருந்தது.

கையெழுத்து விழவில்லை. அடுத்த சோதனை வரை அவர் வண்டி தொடக் கூடாது.

வீடு திரும்ப அவருடைய பேருந்தேதான் கிடைத்தது. அவரோடு வேலை பார்க்கிற வால்தேர் ஓட்டினான், எங்களிடம் டிக்கெட் வாங்கவில்லை. அதெமார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. அத்தனை ஈரலையும் வதக்கிப் போட்டது என் கைதானே.

அவர், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காதபடி என்னிடம் குனிந்தார்.

"அப்போ ஈரலும் கறியா?"

"தெரியலைய்யா" என்றேன். அவருடைய அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.