மேடு எங்கே ஆரம்பிக்கிறது

பல்செட் செய்கிறவர்களிடம் யார் வந்து சிரித்தாலும் அவர்களுக்குச் சிரிப்பு தெரியாது, பல்தான் தெரியும். அவளும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பல்செட் செய்யும் அதே கூடத்தில், அதே சன்னலோர மேசையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செதுக்கி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முகமே தெரியாத வாய்களுக்குச் சிரிப்பு தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அவளைப் பல்லுக்காரி என்றார்கள், அவளும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. இப்படிக் குனிந்த தலை நிமிராமல் பிழைத்த ஒருத்தி சைக்கிள் பந்தயத்துக்குப் போனாள் என்றால், அதற்கான பழி முழுக்க அவள் கணவர் மேல்தான்.

கணவர் இரும்புச் சாமான் மொத்தக்கடையில் சரக்கறைக்குப் பொறுப்பு. வஞ்சகமில்லாமல் வளர்ந்த உடம்பு. எடையைக் குறைக்காமல் என் முகத்தில் முழிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட, மனிதருக்கு ரோஷம் வந்து, ஒரு சைக்கிளும் அதை வீட்டுக்குள்ளேயே மாட்டி மிதிக்க ஒரு ட்ரெய்னரும் வாங்கி வந்தார். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இரும்புத் தாங்கியில் சைக்கிளைப் பொருத்த வேண்டும். எதிரே திரையில் ஒரு பொம்மை நமக்காகச் சைக்கிள் ஓட்டும். நாம் மிதிக்கிற வேகத்துக்கு அது போகும். திரையில் மேடு வந்தால் தாங்கி இறுகி, மிதியைக் காலால் தள்ள முடியாதபடி கனக்கும். வாங்கிய அன்றே கணவர் உட்கார்ந்து பெயர், வயது, உயரம் என்று அந்தப் பொம்மையை ஓட்டும் ஆப் கேட்டதை எல்லாம் தட்டிக் கொடுத்தார். ஆரம்ப சூரத்தனம் இரண்டு வாரம் தாங்கியது. பிறகு கைப்பிடியில் துண்டு காய ஆரம்பித்தது.

விலை கொடுத்து வாங்கிய பொருள் சும்மா கிடந்தால் பல்லுக்காரிக்குப் பொறுக்காது. துண்டை எடுத்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை. சைக்கிளைக் கடையில் கொடுத்துத் தன் உயரத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டாள். ஆப்பில் கணவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். பொம்மைக்கு மீசையை எடுத்துவிட்டுப் பின்னல் போட்டாள். மாற்ற வேண்டியது இன்னொன்றும் இருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

மருந்துக்கடை அக்காதான் அவளைப் பந்தயத்தில் சேர்த்துவிட்டாள். கணவருக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தன் பெண்கள் அணியில் இழுத்துக்கொண்டாள். அக்காதான் கேப்டன். அணியில் ஐந்து பேர், ஐந்து வீடு, ஐந்து மின்விசிறி. காதில் மாட்டிய கருவியில் ஒருத்தி மூச்சு வாங்குவது மற்றவளுக்குக் கேட்கும். திரையில் கடலோரம் ஓடும், காடு ஓடும், தெரியாத தேசத்துப் பொம்மைகள் தோளோடு தோள் உரசும். எல்லாம் பொய்தான். முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் தேங்குகிற வியர்வை மட்டும் அசல்.

சமதளத்தில் அவள் யாருக்கும் சளைக்கவில்லை. இறக்கத்தில் கேட்கவே வேண்டாம், அவள் பொம்மை உருட்டிவிட்ட பாறாங்கல் மாதிரி எல்லோரையும் தாண்டிப் பாயும். பயம் என்பதே அறியாதவள் என்று அணியே மெச்சியது. மேடு வந்ததும் மானம் போய்விடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண் இருட்டும்வரை மிதிப்பாள். பொம்மை ஊர்ந்து ஊர்ந்து போகும். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போக, உச்சிக்கு அவள் வந்து சேரும்போது மற்றவர்கள் குளித்துவிட்டே வந்திருப்பார்கள். வேலை முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் மேடு மேடாகத் தேடிப் பயிற்சி செய்தாள். கால் தேறியது. பொம்மை தேறவில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் அசல் பந்தயம் ஒன்று வந்தது. ஊருக்கு வெளியே இருந்த குன்றுச் சாலையில் பெண்களுக்கான போட்டி, அணிக்கு நான்கு பேர். பல்லுக்காரிக்கு அதில் ஓட்ட வேண்டும் என்று ஆசை என்றால் கொஞ்ச நஞ்ச ஆசை இல்லை. அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள், அதைச் செய்தது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரு முறையாவது முதுகில் எண் குத்திக்கொண்டு, நாலு பேர் பார்க்க, பகல் வெளிச்சத்தில் ஓட்டிவிட வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மருந்துக்கடை அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் பல் கூடத்துக்கே வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதே. பாதை பூரா மேடு. உன்னை அதுல விட்டா எனக்கே பாவம் சுத்தும். நாங்க நாலு பேர் ஓட்டறோம், நீ தண்ணி பாட்டில் பார்த்துக்கோ.”

“சரிக்கா” என்றாள் பல்லுக்காரி, கையிலிருந்த மெழுகு ஈறில் நட்ட பல்லையே மறுபடி பிடுங்கி நட்டபடி. பந்தயம் முடிந்ததும் அந்தத் தாங்கியை யாருக்காவது தள்ளிவிடப்போகிறேன் என்று அன்றைக்கு வீட்டில் அறிவித்தாள்.  கணவர் தட்டில் இரண்டாம் முறை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அது பெரிய துக்கம்.

போட்டிக்கு முந்தின வாரம் ஒத்திகைக்குப் போனார்கள். பாதை முதலில் ஒரு நீண்ட மேடு, பிறகு ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு முரட்டு வளைவு, கடைசியில் மறுபடி மேடு. போட்டியன்று வண்டிகளை விடமாட்டார்கள், தண்ணீர் கொடுக்கிறவளும் சைக்கிளில்தான் போக வேண்டும். ஆகவே பல்லுக்காரியும் பை நிறைய பாட்டில்களை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் தொடர்ந்தாள். அவர்கள் ஊர் உள்ளங்கை மாதிரித் தட்டை. மேடு என்பதை அவள் திரையில்தான் மிதித்திருந்தாள். வரப்போகும் கொடுமைக்காக மூச்சைச் சேமித்துக்கொண்டு மெதுவாகவே போனாள்.

கொஞ்ச தூரத்தில் முன்னால் போன நால்வரும் நிதானித்தார்கள். தனக்காகத்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவர்கள் எழுந்து நின்று மிதித்தார்கள். ஒருத்தி இறங்கித் தள்ளவே ஆரம்பித்துவிட்டாள். எனக்காக இவ்வளவு நாடகம் வேண்டாமே என்று சொல்லத்தான் பல்லுக்காரி கேப்டன் பக்கத்தில் சைக்கிளைக் கொண்டுபோனாள். வாயில் வந்தது வேறு.

“அக்கா, மேடு எங்கே ஆரம்பிக்குது?”

கேப்டனுக்கு மூச்சு வாங்கியது. வாய் திறந்தபடி இருந்தது. கடைவாயில் ஒரு பல் அடைத்திருப்பது வரை பல்லுக்காரிக்குத் தெரிந்தது. கேப்டன் கைப்பிடியிலிருந்து ஒரு விரலை மட்டும் விடுவித்துக் கீழே, தாங்கள் போய்க்கொண்டிருந்த சாலையையே காட்டினாள்.

முதல் மேட்டின் உச்சியில் எல்லோரும் புல்லில் சரிந்தார்கள். நின்றுகொண்டிருந்தவள் பல்லுக்காரி ஒருத்திதான். கேப்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உன் எடை என்ன?”

“அம்பத்திரண்டு.”

“ஆப்ல என்ன போட்டிருக்கே?”

“நான் எதுவும் போடலையே. வாங்கின அன்னைக்கே அவர் எல்லாத்தையும் போட்டுட்டாரு.”

போனைத் திறந்து தேடினார்கள். உள்ளே எங்கோ ஒரு மூலையில் அது உட்கார்ந்திருந்தது: தொண்ணூற்றாறு கிலோ. ஆப்புக்குக் கண்ணா இருக்கிறது? சொன்ன எண்ணை நம்பிக்கொண்டு, பின்னல் போட்ட அந்தப் பொம்மைமேல் முழுதாக ஒரு கணவரை ஏற்றி வைத்திருந்தது. இறக்கத்தில் பாறாங்கல்லாக உருண்டதும் அதனால்தான், மேட்டில் ஊர்ந்ததும் அதனால்தான். அணியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பல்லுக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சிரித்து முடித்ததும் கேப்டன் எழுந்து வந்து அவள் முதுகிலிருந்த பையைக் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். பல்லுக்காரி பதறிப்போய், அது உங்கள் இடம் என்று தடுத்தாள்.

“இடம் என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா? ஏற முடிஞ்சவ ஏறட்டும். உன் காலைப் பார்க்காம எண்ணைப் பார்த்தேனே, என்னைச் சொல்லணும்.”

அத்தோடு கதை சுபம் என்றால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்தது பள்ளம். திரையில் புலியாகப் பாய்ந்தவள் அசல் இறக்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். வீட்டுக்குள் சைக்கிள் சாயாது, சறுக்காது, வளைவுக்கு பிரேக் பிடிக்க வேண்டியதே இல்லை. இங்கே வளைவுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று.  இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஏறுவதற்குக் கால் போதும், இறங்குவதற்குத் துணிச்சல் வேண்டும், அதற்கு ஒரு வாரம் இருக்கிறது என்றாள் கேப்டன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவரின் முகம் செத்துப்போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டே, அந்தத் தொண்ணூற்றாறும் உண்மையில்லை, கௌரவத்துக்காகக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.

மறுநாள் காலையில் கணவரே அவளைக் கடைத்தெருவின் பல மாடி வாகன நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார். கடைகள் திறப்பதற்கு முன்னால் அங்கே ஈ காக்கை இருக்காது. மாடிக்கு மாடி சுற்றிச் சுற்றி இறங்கும் சரிவுப் பாதை. வளைவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“விழுந்தா என் மேல விழு. இந்த உடம்பு எதுக்காவது உதவட்டும்.”

முதல் நாள் பிரேக் கிறீச்சிட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார். அடுத்தடுத்த நாள்களில் கீச்சல் குறைந்தது. கேப்டன் சொல்லிக் கொடுத்தபடி, வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பயப்படுகிற இடத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்க்கப் பழகினாள். ஒரு தடவை விழுந்தாள், கணவர் மேலேயேதான். இருவருக்கும் முட்டியில் சிராய்ப்பு. வார முடிவில் அவள் அவரை உரசாமல் தாண்டிப் போனாள். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

போட்டியன்று கேப்டனே அவள் முதுகில் எண்ணைக் குத்திவிட்டு, பாட்டில் பையோடு முன்னதாகவே மேலே ஏறிப்போனாள். முதல் மேட்டில் பல்லுக்காரி முன்வரிசையை விடவே இல்லை. உச்சியில் கேப்டன் நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். அங்கே பழக்கப்பட்டவர்கள் அம்பாகப் பாய்ந்து மறைந்தார்கள், பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள். அவள் அவசரப்படவில்லை. முரட்டு வளைவில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் சட்டையில் கணவர் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவரைப் பார்க்கவில்லை. போக வேண்டிய சாலையைப் பார்த்தாள். சைக்கிள் சாய்ந்தது, திரும்பியது, நிமிர்ந்தது. காலை ஊன்றாமல், விழாமல், பள்ளத்தின் அடிக்கு வந்துவிட்டாள். 

அதற்குப் பிறகு இருந்தது மேடு மட்டும். தாண்டிப் போனவர்களை ஒவ்வொருவராக எட்டிப் பிடித்தாள். திரையில் தன்னைத் தாண்டிய பொம்மைகளின் முதுகு அவளுக்கு மனப்பாடம். இப்போது அசல் முதுகுகள், அசல் எண்கள், அவள் தாண்டத் தாண்டப் பின்னால் போயின. முதலாவதாக வந்தாள் என்று சொல்ல ஆசைதான். நான்காவதாக வந்தாள். எல்லைக்கோட்டில் ஒலிபெருக்கியில் அவள் எண்ணையும் பெயரையும் சேர்த்துப் படித்தார்கள். பல்லுக்காரி என்று இல்லை, அவளுடைய சொந்தப் பெயரை. படித்து முடிக்கும்வரை அவள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

கூட்டம் கலைந்து, கயிறுகளைச் சுருட்டத் தொடங்கிய பிறகுதான் கணவர் மேலே வந்து சேர்ந்தார். வளைவிலிருந்து நடந்தே ஏறியிருக்கிறார். மஞ்சள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கல்லில் பொத்தென்று உட்கார்ந்து, வந்த பாதையை வெகுநேரம் பார்த்தார். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

“இந்த மாதிரி மேட்டுலயா இத்தனை நாளா என்னையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு ஏறினே?”

 அவள் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கல்லிலேயே அவர் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். நாளையிலிருந்து தாங்கி காலையில் உங்களுக்கு, சாயங்காலம் எனக்கு என்றாள். எடையை மட்டும் நானே போடுவேன் என்றும் சொன்னாள்.