கையால் மட்டும் எறிந்த பந்து

பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் தொடங்கியபோது பந்து எறிகிற இடத்துக்கு என்னைத்தான் எடுத்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. என் பந்து வேகமாகப் போகும். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை மட்டையை வீசுவதற்குள் அது பின்னால் நிற்பவளின் கையுறைக்குள் இருக்கும்.

விளையாட்டு ஆசிரியருக்கும் இது புதிய விளையாட்டு. போனில் வீடியோ போட்டுக் காட்டுவார்.

“முன்கால் ஊன்றவேணும். பிறகு இடுப்பு திரும்பவேணும். அதுக்குப் பிறகுதான் தோள். கை கடைசியா வரும்.”

எங்கள் மைதானமோ மணல். ஊன்றிய கால் புதையும். இடுப்பு திரும்புமுன்னே தோள் திரும்பிவிடும். அதனால் குறைந்த வேகத்தை முழங்கையால்தான் ஈடுசெய்தேன். சில மாதங்களில் முழங்கையின் உட்பக்கம் நோகத் தொடங்கியது.

“சேர், கை நோகுது,” என்று ஆசிரியரிடம் முறையிட்டேன்.

“ஐஸ் வை பிள்ளை. போட்டி முடியட்டும், பாப்பம்.”

எங்கள் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில் ஐசுக்குக் குறைவில்லை. அப்பாவின் மீன் பெட்டியிலிருந்து அம்மா அள்ளி வந்து துணியில் சுற்றிக் கட்டிவிடுவார். மீன் வாடையோடு வகுப்புக்குப் போவேன்.

மாகாணப் போட்டியில், எறிந்த கையில் ஏதோ டக்கென்றது. பந்து பாதி வழியில் விழுந்து உருண்டது. அதை எடுக்க எல்லோரும் ஓடினார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் சொன்னார்: “வளருற எலும்பு இழுபட்டு உடைஞ்சிருக்கு. உடம்பாலை எறியாமல் கையாலை மட்டும் எறிஞ்சிருக்கிறா. இனி எறிய ஏலாது.”

அம்மா கேட்டார்: “சமைக்க, தோய்க்க ஏலுமோ டொக்டர்?”

“ஓம், அதுக்கு இந்தக் கை காணும்.”

அம்மாவின் முகம் தெளிந்தது. எலும்பு பொருந்தியது. ஆனால் கை இன்றுவரை முழுதாக நிமிரவில்லை.

இந்த வருடம் என் இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை எறிகிறாள். அவளுக்கும் தோள்தான் முந்துகிறது. தண்ணீர்க் குழாயடியில் மறித்துக் கேட்டேன்.

“கை நோகேல்லையோ?”

“நோகுதுதான் அக்கா. சேரிட்டைச் சொல்லிப்போடாதைங்கோ. ரீமிலையிருந்து என்னை எடுத்துப்போடுவார்.”

இருந்தும் சேரிடம் சொன்னேன். “எனக்கும் தெரியுது பிள்ளை. திருத்தத்தான் தெரியேல்லை,” என்றார்.

சனிக்கிழமைப் போட்டியில் அவள்தான் எறிந்தாள். வென்றார்கள். பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். அவள் பந்தெறிந்த வலக்கையை மட்டும் உயர்த்தவில்லை.