பத்திக்கு வெளியே போகாதீர்கள்

அடுத்தவர் எழுதாமல் விட்ட வரியை ஊகிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரு பிழைப்புதான். எண்பதுகளின் கடைசியில் ஒரு டுட்டோரியலுக்காக, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் அலைந்தபடி நான் அதைச் செய்தேன். சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வில் அறிவியல் பத்தி ஒன்றைக் கொடுத்து, 'இதிலிருந்து என்ன தெரிகிறது?' என்று கேட்பார்கள். கீழே நாலு விடை இருக்கும். பத்தியில் உள்ளதை வைத்தே முடிவுக்கு வரவேண்டும். நம் சொந்த அனுபவத்தை உள்ளே விடக்கூடாது. இது எவ்வளவு கஷ்டம் என்று, வகுப்பெடுத்து நொந்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

உப்புத் தண்ணீர்

திண்டிவனம் வகுப்பில் ஒருநாள் கடலோரக் கிணறுகளைப் பற்றிய பத்தி. அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும் என்று எழுதியிருந்தது. இறைப்பதைக் குறைத்தால் உப்பு ஏறுவது மட்டுப்படலாம் என்பது சரியான விடை. மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த தனபால், 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்பதைக் குறித்திருந்தான். அவர்கள் கிணறு அந்தக் கோடையில்தான் உப்பாகி, போட்டிருந்த மல்லாட்டை, வேர்க்கடலைச் செடி முழுக்கக் கருகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. "பத்தியில அப்படியா இருக்கு?" என்று அதட்டினேன்.

"எறைக்கிறத கொறைக்கச் சொல்றாங்க சார். கொறைச்சிக்கினு நாங்க இன்னாத்த துன்றது?"

பாம்புக்கடி

விழுப்புரம் வகுப்பில் பனமலைப் பக்கத்துச் செல்விதான் கெட்டிக்காரி. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமில்லை, மந்திரித்த பிறகு பலர் பிழைத்திருக்கிறார்கள் என்றது பத்தி. வகுப்பு முழுக்க மந்திரத்தின் பக்கம் சாய்ந்தது. பிழைத்ததற்கு மந்திரம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்ற விடையைச் செல்வி மட்டும் குறித்திருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எல்லாருக்கும் விளக்கச் சொன்னேன். எழுந்து நின்றாள்.

"எங்க அக்காவுக்கு மந்திரிச்சிக்கினே இருந்தாங்க சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள போயிட்டா."

நல்ல பையன்

தனபாலின் அப்பா ஒருமுறை திண்டிவனத்துக்கு வந்திருந்தார். மகன் தேறுவானா என்று கேட்டார். "ரொம்ப நல்ல பையங்க. ஒழுங்கா வர்றான். மரியாதை தெரிஞ்சவன்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"படிப்பப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றீங்களே சார். செரி, புரிஞ்சிப்போச்சி."

ரயில்வே கேட்

செல்வியின் மேல்தான் எங்கள் நம்பிக்கை எல்லாம் இருந்தது. சென்னையில் தேர்வு. விடியற்காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். வழியில் ஒரு ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி பழுதாகி நின்றுவிட, அவள் போய்ச் சேருவதற்குள் தேர்வு தொடங்கிவிட்டது, உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். மறுநாள் வகுப்புக்கு வந்தவளிடம், "கேட் மூடியிருந்ததைச் சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"அவங்க கேக்கவே இல்ல சார். லேட்டா வந்தா அக்கறை இல்லாத பொண்ணுன்னு அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க."

அந்த வருஷம் எங்கள் டுட்டோரியலில் ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. அதிலிருந்து வாத்தியார் சரியில்லை என்று ஊரார் ஊகித்துக்கொண்டார்கள், அந்த விடைக்கு மட்டும் என்னால் மார்க் குறைக்க முடியவில்லை.