பிழையான பஸ்

கண்டி டவுனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். பக்கத்துக் கதிரையில் ரிஸ்னா, திகனயிலிருந்து வருபவர். அவருக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்வதை இயர்போனில் கேட்டே புரோகிராம் எழுதுவார்.

அன்று மத்தியானம் வாடிக்கையாளர் வர இருந்தார். என் புரோகிராம் ஓட மறுத்தது. அதற்குத் தேவையென்று காலையில் நானே போட்ட லைப்ரரியை, அந்தத் துணை நிரல் தொகுப்பை, இல்லை என்றது. எங்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெய்நிகர் சூழல் உண்டு. ஒன்றில் போட்டது இன்னொன்றில் இருக்காது. அது தெரிந்தும், பதற்றத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை.

"நான் பாவிக்கிற ஷார்ட்கட்ட உங்க டெர்மினல்லயும் போட்டுப் பாருங்க அண்ணா," என்று ரிஸ்னா ஒரு ஃபைலை அனுப்பினார். அவர் சொன்ன இரண்டு எழுத்தை அடித்தேன். என் லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு பஸ் கண்டக்டர் கத்தினார்: "தெல்தெனிய, தெல்தெனிய!"

"பிழையான பஸ்ல ஏறியிருக்கீங்க. நீங்க இப்ப இருக்கிற சூழலோட பேரத்தான் அவர் கூப்பிடுறார். உங்க வேலைக்கு உங்க ஊர் ஹேவாஹெட்ட பேரத்தானே வச்சிருக்கேன்."

ரிஸ்னா வேறு இரண்டு எழுத்துச் சொன்னார், அடித்தேன். பஸ் மணி அடித்தது, தெல்தெனிய சூழலை விட்டு இறங்கினேன். என் ஊர்ச் சூழலுக்கான எழுத்தை அடித்ததும் இன்னொரு கண்டக்டர்: "ஹேவாஹெட்ட, ஹேவாஹெட்ட!" புரோகிராம் ஓடியது.

"இந்தக் குரலையெல்லாம் எங்க பதிவு செஞ்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. நான் பஸ் கண்டுபிடிக்கிறதே அவங்க கூப்பிடுறத வச்சுத்தானே."

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக வெறும் இரைச்சலாகக் கேட்டது, ஒவ்வோர் ஊராகப் பிரிந்து கேட்டது. என் பஸ் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்தது. ஆனால் கண்ணைத் திறக்காமல் ஓர் அடி எடுத்துவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரிஸ்னா தினமும் அப்படித்தான் வீட்டுக்குப் போகிறார்.